நாத்தனாரும் நானும் ஓடிய நாட்கள்

விசில் சத்தம் கேட்டு நான் தலை நிமிர்ந்தபோது, என் நாத்தனார் கோமதி பத்துப் பன்னிரண்டு பெண்களுக்கு எதிரே ஓடிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் எங்கள் பள்ளியின் ஓட்டக்காரப் பிள்ளைகள். விடிந்தும் விடியாத நேரத்தில் மைதானத்தின் மண் தடத்தில் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். கோமதி விலகவில்லை. ஓடும்போது எப்படி விலகுவது என்பது அவளுக்குத் தெரியாது, ஓடுவதே அன்றைக்குத்தான் முதல் தடவை. பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, "ஏம்மா, பாத்து! பாத்து!" என்று கத்தினாள்.

பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்து அவளைத் தாண்டிப் போனார்கள். கடைசியாக வந்தவள் மட்டும் நேராக மோதினாள். இருவரும் மண்ணில் உட்கார்ந்தார்கள்.

உடற்பயிற்சி ஆசிரியை பிலோமினா விசிலோடு ஓடிவந்தார். அந்தப் பள்ளி அலுவலகத்தில் நான் கிளார்க். மைதானத்துக்குள் எங்களை விட்டதே அந்தப் பழக்கத்தில்தான்.

"அக்கா, தப்பான பக்கம் ஓடுறீங்க. இடது கை உள்பக்கமா இருக்கணும். எல்லாரும் போற மாதிரி போங்க."

கோமதி எழுந்து சுடிதாரில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "நான் சரியாத்தான் ஓடுறேன் டீச்சர். இவங்கதான் இடமாச் சுத்துறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. இருபதடி பின்னால் நானும் அதே தப்பான திசையில்தான் தள்ளாடிக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் ஸ்ரீரங்கத்தில் கோயிலை வலம் வந்த கால்கள். வட்டமாக ஒரு பாதையைக் கண்டால், கேட்காமலே வலப்பக்கம் திரும்பிவிடுகின்றன.

குடிக்காதவரின் கல்லீரல்

ஐம்பதை நெருங்கிய இரண்டு பெண்கள், படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர்கள், எதற்காக ஓடக் கிளம்பினோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் சுந்தரம் கணக்கு வாத்தியார். காட்டூரில் ஒரு பள்ளியில் வேலை. எப்போதோ வந்த மஞ்சள் காமாலையின் கிருமி உள்ளேயே தங்கி, சத்தமில்லாமல் அவருடைய கல்லீரலைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. வயிற்றில் நீர் கட்டி, கால் வீங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மாற்றுக் கல்லீரல் வைத்தால்தான் பிழைப்பார் என்றார் டாக்டர்.

கல்லீரல் என்றதும் ஊரார் பார்க்கிற பார்வை ஒன்று இருக்கிறது. "சார் ரொம்ப அமைதியான மனுஷராச்சே" என்பார்கள். அதற்கு அர்த்தம், எந்தக் கடையில் குடித்தார் என்பது. காபியைக்கூட அரை டம்ளருக்கு மேல் குடிக்காத மனிதர் அவர். யாரிடம் போய்ச் சொல்வது! கொஞ்ச நாள் எல்லாரிடமும் விளக்கினேன், பிறகு விட்டுவிட்டேன்.

சொந்தத்தில் ஒருவர் தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். கொடுத்தவருக்கு அது திரும்ப வளர்ந்துவிடும். என் ரத்தம் அவருக்குச் சேரவில்லை. எங்கள் மகளுக்குப் பதினெட்டு நிறையவில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள், மணப்பாறையில் வாழ்க்கைப்பட்ட அவருடைய தங்கை கோமதி.

நான் போன் செய்து கேட்கவில்லை. கேட்க எனக்கு முகமில்லை. செய்தி எப்படியோ போய், அடுத்த நாள் காலை ஒரு பையோடு அவளே வந்து நின்றாள்.

ரத்தம் சேர்ந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க கல்லீரல்லயே கொழுப்பு படிஞ்சிருக்கும்மா. இத வெட்டி வெச்சா அவருக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து."

"கரையாதா டாக்டர்?"

"கரையும். எண்ணெய், இனிப்ப விடணும். வேர்க்க விறுவிறுக்க தினம் நடக்கணும்."

"ஓடுனா?"

"ஓடுனா இன்னும் சீக்கிரம்."

"அப்ப ஓடுறேன்" என்றாள். கத்திரிக்காய் வாங்கி வருகிறேன் என்பது போலத்தான் சொன்னாள். டாக்டர் இரண்டு மாதம் கொடுத்தார். அதற்கு மேல் என் கணவரின் உடம்பு தாங்காது என்பதை என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்கு நிற்கும்போது கோமதி மெதுவாகச் சொன்னாள். "அண்ணி, எனக்கு ஓடத் தெரியாது. நீங்களும் கூட வாங்களேன்."

பத்திரிகையில் இல்லாத பெயர்

எனக்கு ஏன் முகமில்லை என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். நான் எழுதிவரும் இந்தத் தொடரில் இதுவரை என்னை நல்லவளாகவே காட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

என் மகளின் காதுகுத்துக்குப் பத்திரிகை அடித்தோம். தாய்மாமன் பெயர், என் சித்தப்பா பெயர், என் சொந்தத்தில் தூரத்து மாமா பெயர்கூட அதில் இருந்தது. கோமதியின் கணவர் செல்வராஜ் பெயர் மட்டும் இல்லை. அச்சுக்குப் போகுமுன் எழுத்துப்பிழை பார்த்தவள் நான்.

நம் வீடுகளில் பத்திரிகையில் பெயர் விட்டுப்போவது என்றால் என்ன என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொலைக் குற்றத்தைக்கூட மன்னிப்பார்கள். விசேஷத்துக்கு வந்த கோமதி, குழந்தைக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, பந்தியில் உட்காராமல் மணப்பாறை பஸ் ஏறிவிட்டாள். அச்சகத்தான் செய்த தவறு என்று என் கணவரிடம் சொன்னேன். அதற்குப் பிறகு இத்தனை வருடமும் நானும் அவளும் பேசியதெல்லாம் அவர் வழியாகத்தான். "அவ சாப்பிட்டாளான்னு கேளுங்க." "அண்ணி கேட்டதுக்கு ஆமான்னு சொல்லுண்ணே." ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு இப்படிப் பேசுவோம்.

அப்படிப்பட்டவள்தான் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

இரண்டு கம்பத்துக்கு நடுவில்

ஷூ வாங்கப் போனோம். "மகனுக்காம்மா? என்ன சைஸ்?" என்றார் கடைக்காரர். "எங்களுக்குத்தான்" என்றதும் அவர் எங்கள் இருவரையும் மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போகிற மாதிரி மெத்தென்ற செருப்பு ஒன்றை எடுத்து வந்தார். கோமதி அதை அவரிடமே தள்ளினாள். "ஓடுற ஷூ எடுங்க. வேகமா ஓடுறவங்க போடுறது."

மைதானத்தில் முதல் நாள் நடந்ததைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன். திசையை மாற்றிக்கொண்டு ஓடச் சொன்னார் பிலோமினா. கோமதி முடியவே முடியாது என்றாள்.

"இடமாச் சுத்துறது சுடுகாட்டுல டீச்சர். அண்ணன் உசுருக்காக ஓடிக்கிட்டு, அப்படிச் சுத்தச் சொல்றீங்களே!"

பிலோமினா கிறிஸ்தவர். கழுத்துச் சிலுவையைத் தொட்டபடி சற்று யோசித்தார். "உங்க நம்பிக்கைய நான் குறை சொல்லலைக்கா. ஆனா எம் பிள்ளைங்க மேல மோதினா கால் போயிடும். வேற எடம் பாத்துக்கங்க."

போகுமுன் எப்படி ஓடவேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார். ஒரு நிமிடம் ஓடு, இரண்டு நிமிடம் நட. பேச முடிகிற வேகத்துக்கு மேல் போகாதே. நாங்களும் அதைப் பிடித்துக்கொண்டு, ஆற்றைத் தாண்டி, எங்கள் வீடிருக்கும் ஸ்ரீரங்கத்துக்கே திரும்பினோம்.

உத்திர வீதிகள் நான்கும் கோயிலைச் சுற்றி இருக்கின்றன. அங்கே எல்லாரும் வலமாகத்தான் போவார்கள். கோமதிக்கு நிம்மதி. நாங்கள் ஓடியதை ஓட்டம் என்று சொன்னால் பொய். ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓடுவோம். பிறகு அதற்கடுத்த கம்பம் வரும்வரை இடுப்பில் கைவைத்துக்கொண்டு நடப்போம். முதல் நாள் மூன்றாவது கம்பத்தில் எனக்கு விலாவில் குத்தியது. நான்காவதில் கோமதி ஒரு வீட்டு வாசல் கோலத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த வீட்டு மாமி வெளியே வந்து பார்த்தாள்.

"என்னடியம்மா, யாராவது துரத்தறாளா?"

"இல்ல மாமி, ஓடப் பழகுறோம்."

"பெருமாளைச் சேவிக்க நடந்தாலே போறுமே!"

கோமதி மூச்சு வாங்கிக்கொண்டே கோலத்தைப் பார்த்தாள். "நாளைக்கு நானே வந்து போட்டுத் தந்துடுறேன் மாமி" என்றாள். மறுநாள் அதேபோல் வந்து போட்டும் கொடுத்தாள். அந்த வாரத்தில் தெருவே எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. "இன்னைக்கு எத்தனை கம்பம்?" என்று பூக்காரர் கேட்பார். பால்காரர் வண்டியை ஓரம் கட்டுவார்.

செல்வராஜ் அண்ணனுக்கு மணப்பாறையில் முறுக்கு வியாபாரம். மனைவி ஊரில் இல்லாத ஏக்கத்தில் முதல் வாரமே பஸ்ஸில் ஒரு டின் முறுக்கு அனுப்பிவிட்டார். இரண்டு தடவை எண்ணெயில் வெந்து வரும் முறுக்கு அது. கல்யாணமான நாளிலிருந்து தினம் நாலு முறுக்காவது சாப்பிடாமல் கோமதிக்குப் பொழுது போனதில்லை. டின்னை மடியில் வைத்துக்கொண்டு, மூடியைத் திறக்காமல் அதன் மேலேயே முகர்ந்து பார்த்தாள். பிறகு தெருவில் எங்களுக்குப் பழக்கமான எல்லா வீட்டுக்கும் போய்க் கொடுத்துவிட்டு, காலி டின்னோடு வந்தாள். போனில் கணவரைத் திட்டிய திட்டு அடுத்த வீடு வரை கேட்டது.

மூச்சு வாங்கும்போது பொய் வராது

மூன்றாவது வாரம் என்று நினைக்கிறேன். மூன்று கம்பம் சேர்ந்தாற்போல் ஓட முடிந்த நாள். வடக்கு உத்திர வீதியில் இரவு பெய்த மழையின் ஈரம். யார் வீட்டிலோ காபி இறங்கும் வாசனை. கோமதி பக்கத்தில் ஓடிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணி... ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"பத்திரிகைல... எங்க வீட்டுக்காரர் பேரு... தெரியாம விட்டுப்போச்சா... தெரிஞ்சே செஞ்சீங்களா?"

அச்சகத்தான் கதை எத்தனையோ வருடமாக என் நுனி நாக்கிலேயே இருந்தது. ஆனால் அது நீளமான கதை. அதைச் சொல்ல என்னிடம் மூச்சு இல்லை.

"தெரிஞ்சுதான்" என்றேன்.

அவள் நிற்கவில்லை. அடுத்த கம்பம் தாண்டியது. "ம்... தெரியும்" என்றாள். இன்னொரு கம்பம். "ஏன் அண்ணி?"

"எங் கல்யாணத்துல... எங்கம்மா கட்டியிருந்த சேலையப் பாத்து... நீ ஒண்ணு சொன்ன."

"என்ன சொன்னேன்?"

"இது... கடன் வாங்கின சேலையான்னு."

கோமதி நின்றேவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக நான் சுமந்துகொண்டிருந்த வார்த்தை அவளிடம் ஒரு நாள்கூடத் தங்கவில்லை.

"அப்படியா சொன்னேன்? என்ன வாயி எனக்கு!" என்று தன் கன்னத்தில் தானே இரண்டு போட்டுக்கொண்டாள். பிறகு, "வாங்க, உடம்பு ஆறிடப் போகுது" என்று ஓட ஆரம்பித்தாள்.

நான் தெரிந்தேதான் அவளை அவமானப்படுத்தினேன் என்பது அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டுதான் வயிற்றைக் கிழித்துக் கொடுக்க வந்திருக்கிறாள். என்னால் அப்படி வந்திருக்க முடியுமா என்று யோசித்தேன். முடியாது. அந்தக் காலையில்தான் எனக்குக் கோமதியைப் பிடித்துப்போனது. அன்றைக்குப் பிறகு எனக்கு அவள்மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது.

இடமாகச் சுற்றிய காலை

ஒரு மாதம் முடிந்து எடுத்த ஸ்கேனில் கொழுப்பு கொஞ்சம்தான் குறைந்திருந்தது. "நல்ல முயற்சிதான், ஆனா போதாது" என்றார் டாக்டர். போதாக்குறைக்குக் கோமதியின் வலது முழங்கால் வீங்கிவிட்டது.

அதே வாரத்தில் ஒரு மத்தியானம், மகள் விளையாட்டாகக் கேட்க, என் கணவர் பன்னிரண்டாம் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தார். ஏழுக்கு வந்ததும் நின்றுவிட்டார். பத்தொன்பது வருடமாக வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர். மேலே என்ன வரும் என்று என்னையே பார்த்தார். கழிவு தலைக்கு ஏறுவதால் இப்படி ஆகும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். நான் சமையலறைக்குப் போய் அழுதேன். கோமதி அழவில்லை. அண்ணன் காலடியில் உட்கார்ந்து எண்பத்து நாலு, தொண்ணூற்று ஆறு என்று மீதியை அவளே சொல்லி முடித்தாள். பள்ளியில் கணக்கில் தோற்றவள் அவள்.

அன்று சாயங்காலம் பிலோமினாவைப் பார்க்கப் போனோம். முழங்காலை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார். "சிமென்ட் ரோட்டுல ஓடாதீங்கக்கா, முட்டி போயிடும். மண்ணுலதான் ஓடணும். காலைல பிள்ளைங்க ஓடுற நேரம் மட்டும்தான் கேட்டு தெறந்திருக்கும்."

அப்படியென்றால் பிள்ளைகளோடு சேர்ந்து இடமாகத்தான் ஓடவேண்டும் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

இரண்டு நாள் முழங்காலுக்கு ஓய்வு கொடுத்தாள். மூன்றாம் நாள், விடியுமுன் கிளம்பும் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்துக் காவிரியைத் தாண்டினோம். பாலத்தின் மேல் காற்று சில்லென்று அடித்தது. மைதானத்தில் பிள்ளைகள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார்கள். அவள் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பக்கத்தில் போய், ஸ்ரீரங்கம் இருக்கிற வடக்குப் பக்கம் பார்த்து நின்று கண்ணை மூடினாள். கொஞ்சம் சத்தமாகவே பேசினாள்.

"ரங்கா, இது உன்னச் சுத்துறது இல்ல. இது வெறும் மைதானம். அண்ணன் பொழச்சா போதும். இதுல தப்பு ஏதாவது இருந்தா என் தலையோட போகட்டும். வேற யார் தலைக்கும் போகக்கூடாது."

கண்ணைத் திறந்தாள். இடப்பக்கம் திரும்பினாள். ஓடினாள்.

முதல் பத்தடி, நெருப்பில் கால் வைக்கிறவள் மாதிரிதான் வைத்தாள். பிறகு சரியாகிவிட்டது. வளைவில் பிள்ளைகள் அவளைத் தாண்டும்போது இந்தத் தடவை யாரும் கத்தவில்லை. அவளோடு மோதி விழுந்த பெண் மட்டும் தாண்டும்போது, "சூப்பர் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள். கோமதி ஒரு முழுச் சுற்றை நிற்காமல் முடித்தாள். நான் பாதியில் விட்டுவிட்டு, வேலி ஓரம் நின்று வாய்விட்டு அழுதேன். பிலோமினா பக்கத்தில் வந்து என் தோளில் கைவைத்தார். அவருடைய இன்னொரு கை சிலுவையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

துணிச்சல் என்று நாம் எதை எதையோ சொல்கிறோம். தன்னுடைய பயத்துக்கு முதுகைக் காட்டாமல், அதன்மேலேயே ஓடிய ஒருத்தியை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு ஆள், ஒரு அறை

இரண்டாவது மாத முடிவில் கோமதி ஐந்து சுற்று நிற்காமல் ஓடினாள். நான் இரண்டு. ஸ்கேனைப் பார்த்த டாக்டர் இந்தத் தடவை சிரித்தார். "எடுத்துக்கலாம்" என்றார்.

ஆபரேஷன் சென்னையில். சமயபுரத்தைத் தாண்டும்போது வண்டியிலிருந்தபடியே மாரியம்மன் கோயில் பக்கம் கும்பிட்டாள் கோமதி. என் கணவர் அவள் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஒரு பகலும் பாதி ராத்திரியும் ஆபரேஷன் நடந்தது. இருவரும் நன்றாக இருக்கிறார்கள் என்றார்கள். மறுநாள் காலை பார்க்க விட்டார்கள். செல்வராஜ் அண்ணன் ரத்தத்தைப் பார்த்தாலே மயங்குகிறவர். "எனக்குத் தைரியம் இல்லம்மா, நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கவசத் துணி, முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். அடுத்தடுத்து இரண்டு அறைகள்.

நர்ஸ் என்னை நிறுத்தினார். "ஒரு ஆள் ஒரு ரூமுக்குத்தான் போகலாம்மா. இங்கயும் அங்கயும் மாறி மாறிப் போனா கிருமி தொத்திக்கும். இன்னொருத்தர சாயங்காலம் பாத்துக்கலாம். யாரப் பாக்கணும்?"

சாயங்காலம்வரை தன்னைக் காக்க வைத்ததை என் கணவர் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார்.

கோமதியின் உதடு வெடித்திருந்தது. மூக்கில் குழாய். நான் பக்கத்தில் போனதும் கண்ணைத் திறந்தாள்.

"அண்ணன் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்காராம். நர்ஸ் சொன்னாங்க."

"நீங்க பாக்கலையா?"

"இல்ல. ஒருத்தரத்தான் பாக்கலாம்னாங்க."

அவளுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் கண் கலங்கியது, கூடவே கோபமும் வந்தது.

"பைத்தியமா அண்ணி உங்களுக்கு? அது அங்க உங்களத் தேடிக்கிட்டுக் கெடக்கும்."

"திட்டாத. தையல் பிரிஞ்சிடும்."

"போங்க. போய் அண்ணனப் பாருங்க மொதல்ல."

நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொன்னார். "போங்க, போங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள் கோமதி. என் விரலை மட்டும் அவள் விடவே இல்லை.